புது உணவு என்றால் தயக்கமா? முதலில் அளப்போம், அப்புறம் பட்டியல் போடுவோம்

வரகு, சாமை, ஓட்ஸ் என்று எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும். அடுப்பில் எப்போதும்போல் பொன்னி அரிசிதான் கொதிக்கும். சென்னையில் உணவியல் ஆலோசகராக இருக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி இது. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது சுலபம். ஆனால் பிடிவாதம் என்று நாம் முத்திரை குத்துகிற பலரிடம் நான் பார்ப்பது, அறிமுகமில்லாத உணவை வாயில் வைக்கத் தயக்கம். அதை அளக்க முடியும். அளக்காமல் பட்டியல் போடுவது, பிரஷர் பார்க்காமல் மாத்திரை எழுதுவது மாதிரி.

இந்தத் தயக்கத்தை ஃபுட் நியோஃபோபியா என்று துறையில் சொல்வோம். பலவகை உணவு தின்னும் உயிர்களுக்கு இயற்கை வைத்த காவல் இது. எலிக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. தெரியாத காய் விஷமாக இருந்துவிட்டால்? சுமார் 2 வயதிலிருந்து 6 வயதுவரை இது உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்லக் குறையும். சிலருக்குக் குறையாமலே நின்றுவிடும். இரட்டையர்களை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வுகளில், ஆளுக்கு ஆள் இந்தத் தயக்கம் வேறுபடுவதில் குழந்தைகளிடம் 78 சதவீதமும் பெரியவர்களிடம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் மரபணு சார்ந்தது என்று தெரிந்தது. “சின்ன வயசுல சரியா பழக்கலை” என்று பெற்ற தாயின் மேல் பழி போடுவதை இனியாவது விட்டுவிடலாம்.

அளக்கும் கருவியை 1992-இல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா பிளைனரும் காரன் ஹோப்டனும் உருவாக்கினார்கள். மொத்தம் 10 வாசகங்கள். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று 1 முதல் 7 வரை சொல்ல வேண்டும். கூட்டுத்தொகை 10-க்கும் 70-க்கும் இடையில் வரும். ஏற ஏறத் தயக்கம் அதிகம். ஐந்து வாசகங்கள் ‘புது உணவை நான் நம்புவதில்லை’ என்கிற போக்கில் இருக்கும். மற்ற ஐந்தும் ‘அநேகமாக எதையும் சாப்பிடுவேன்’ என்று எதிர்த்திசையில் இருக்கும். இவற்றில் வந்த எண்ணை 8-லிருந்து கழித்துத்தான் கூட்ட வேண்டும். இந்தக் கழித்தலை மறந்தால் மொத்தக் கணக்கும் பாழ். எதைக் கேட்டாலும் “சரிங்க மேடம்” என்று மரியாதைக்குத் தலையாட்டும் நம் ஊர் நோயாளிகளிடம் இந்த எதிர்வாசகங்கள் ரொம்பவே கைகொடுக்கும். எதிரெதிரான இரண்டுக்கும் ஒருவர் 7 போட்டிருந்தால், தாளை ஓரம் வைத்துவிட்டு நிதானமாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் நோய் என்று கோடு எதுவும் இதில் கிடையாது. தைராய்டு ரிப்போர்ட் மாதிரி ‘நார்மல்’ தேடாதீர்கள்.

வாசகங்களை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் போதாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல வருவது. ‘ஒரு உணவில் என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாவிட்டால் சாப்பிட மாட்டேன்’ என்று ஒரு வாசகம். மயிலாப்பூரில் முட்டைகூடத் தொடாத ஒரு அம்மா இதற்கு 7 போடுவார். திருவல்லிக்கேணியில் ஹலால் பார்த்துச் சாப்பிடும் பாயும் 7. சௌகார்பேட்டையில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காத ஜைனரும் 7. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர் 7 போடாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். இவர்கள் யாருக்கும் புதுமையைக் கண்டு பயமில்லை. தங்கள் விதிக்குள் வருகிற புதுப் பண்டம் என்றால் ஆசையாகவே ருசி பார்ப்பார்கள். அதனால் தாளைக் கொடுக்கும் முன்பே, மதம், விரதம், அலர்ஜி காரணமாகத் தொடாதவற்றைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். “அதெல்லாம் இல்லாத சாப்பாடுன்னு வெச்சுக்கிட்டுப் பதில் சொல்லுங்க” என்பேன்.

விருந்தில் புது உணவைச் சுவைப்பேன் என்று இன்னொரு வாசகம். நம் கல்யாணப் பந்தியில் நாம் கேட்காமலே இலையில் வைத்துவிடுவார்கள். பிடிக்காததை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடலாம். ரிசப்ஷன் பஃபேயில் நீங்களாகப் போய் எடுப்பீர்களா என்று கேட்டால்தான் உண்மை வரும். வெளிநாட்டு உணவு பற்றிய கேள்விக்கும் இதே கதிதான். பாரிமுனைப் பக்கம் அத்தோ கடை வாசலில் வளர்ந்தவருக்குப் பர்மா நூடுல்ஸ் பக்கத்து வீட்டுச் சாப்பாடு. வரகைச் சின்ன வயதில் கிராமத்தில் தின்ற பாட்டிக்கு அது பழசு, வேளச்சேரியில் ஐடி வேலை பார்க்கும் பேத்திக்குப் புதுசு. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வாசகத்தை மாற்றியபின், வரும் எண்ணை வெளிநாட்டு ஆய்வுகளின் சராசரியோடு ஒப்பிடக் கூடாது. முறையாகச் சோதித்து நிறுவும்வரை அது பேச்சைத் தொடங்க உதவும் தாள், அவ்வளவே.

வில்லிவாக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்), சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, சிறுதானியம் என்றாலே “அது நமக்கு ஒத்துக்காதும்மா” என்பார். கூட வந்த மனைவி, “கல்யாண வீட்லயும் தயிர் சாதம் தேடுற மனுஷன்” என்றார். மதிப்பெண் நன்றாகவே உயர்ந்து வந்தது. ஆனால் வாசகம் வாசகமாகப் போனபோது, சாப்பிடாததைச் சாப்பிடப் பயம் என்பதில் மட்டும் அவர் பேனா நின்றது. எப்போதோ வெளியூரில் ஏதோ சாப்பிட்டு, வாந்தி பேதியாகி, டிரிப்ஸ் ஏற்றும் நிலைக்குப் போயிருக்கிறார். ருசியைப் பற்றி அவருக்குப் புகாரே இல்லை; வயிறு கெட்டுவிடும் என்ற பயம். அதனால் வரகுச் சோறு, குதிரைவாலிப் பொங்கல் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்தோம். வீட்டு இட்லி மாவில் ஒரு பிடி சாமை அரைத்துச் சேர்க்கச் சொன்னேன், அதுவும் அவர் கண்ணெதிரே, அவருக்குத் தெரிந்தே. மறைத்துக் கலந்து கொடுக்கும் யோசனையைக் குடும்பத்தார் எப்போதும் சொல்வார்கள். கண்டுபிடித்த அன்றோடு நம்பிக்கை போய்விடும் என்பதால் நான் அதற்கு ஒருபோதும் சம்மதிப்பதில்லை. அதே உணவைச் சிறு அளவில், கட்டாயம் இல்லாமல், திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது தயக்கம் தளரும். அவர் இப்போது சாமை உப்புமா வரை வந்திருக்கிறார்.

தயக்கம் திடீரென்று வந்திருந்தால் இந்தத் தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். பல்செட் பொருந்தாமை, மோப்பம் மங்குவது, விழுங்கச் சிரமம் என்று காரணம் வேறெங்காவது இருக்கும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்கு நாக்கில் உலோக ருசியைத் தரும். எடை இறங்குகிறது, சத்துக் குறைபாடு தெரிகிறது, விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளுக்குள்ளேயே ஒருவர் சுருங்கிவிட்டார் என்றால் மனநல மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும். உடல் பருமன் பயம் இல்லாமலே உணவைத் தவிர்க்கும் இந்தக் கோளாறு, மனநோய்களை வகைப்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது, பெரியவர்களுக்கும் வரும்.

மதிப்பெண்ணை நோயாளியிடம் விளக்கிச் சொல்வேன். கூட வந்த மகனோ மருமகளோ கேட்டால், அவர் அனுமதித்தால் மட்டும் சொல்வேன். சாப்பாட்டு மேசையில் “உங்களுக்கு அறுபது மார்க்காமே” என்று யாராவது ஆரம்பித்துவிட்டால், அடுத்த முறை அவர் அந்தத் தாளில் உண்மையை எழுத மாட்டார்.