கூட்டில் முட்டை காணாமல் போனால்

கொண்டைக்குருவிக் கூடு காலியாகிவிட்டது, வேலியோரம் போன சாரைப்பாம்பை அடித்துவிடலாமா என்ற கேள்வி, டெல்டாவில் பறவைக் கணக்கெடுப்புப் பணியில் இருக்கும் எனக்குக் கோடைதோறும் வருவது வழக்கம். அடிக்கக் கூடாது, சாரை வயல் எலிகளைத் தின்பது என்பதோடு, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். மேலும், முட்டையை எடுத்தது பாம்புதான் என்பதற்கே பெரும்பாலும் உறுதி இருப்பதில்லை. கூடு கலையாமல் முட்டை மட்டும் மறைந்திருந்தால் பாம்பைச் சந்தேகிக்கலாம். ஆனால் காக்கையும் முட்டையை அப்படியே கவ்விச் செல்லும், செண்பகமும் வால் காக்கையும் குஞ்சுகளைத் தின்னும்.

ஐரோப்பாவின் நீலச் சிட்டு ஓர் ஈட்டில், அதாவது ஒரு தடவை அடைக்கு இடும் முட்டைத் தொகுதியில், 8 முதல் 12 முட்டைகள் வரை இடுகிறது. நம் கொண்டைக்குருவி 2 அல்லது 3 முட்டைகளோடு நிறுத்திக்கொள்கிறது. வெப்பமண்டலத்தில் கூடுகளைச் சூறையாடும் உயிரினங்கள் மிகுதி என்பதால், இரையோடு கூட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் பெற்றோர் தம் கூட்டைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே சிறிய ஈடே பாதுகாப்பானது என்று கோஸ்டாரிகாவில் வாழ்ந்த பறவையியலாளர் அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949-இல் விளக்கினார். ஈடு அழிந்தாலும் நீண்ட இனப்பெருக்கக் காலத்தில் மறுபடி கூடு கட்ட இங்கே வாய்ப்புண்டு. குறுகிய கோடை உள்ள குளிர்நாடுகளில் அது அரிது.

ஆனால் கணக்கு அவ்வளவு நேரானதன்று. பறவை ஆய்வாளர் தாமஸ் மார்ட்டின் குழுவினர் அரிசோனாவையும் அர்ஜென்டினாவையும் ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஈட்டின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதைக் கூட்டிழப்பு மட்டும் விளக்கவில்லை. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் செயற்கைக் கூடுகளை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்விலோ, வடக்கே செல்லச் செல்ல இழப்பு அபாயம் அட்சரேகையில் ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) 3.6 சதவீதம் குறைந்தது.

எனவே டெல்டாவில் கூடு பறிபோவது இயல்பே. அந்த இயல்பான இழப்பை நாம் கூட்டாதிருப்பதுதான் முக்கியம்: கைபேசியில் படமெடுக்கக் கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளுவதும், தினம் எட்டிப் பார்ப்பதும், வீட்டோரம் எச்சில் இலையைக் கொட்டிக் காக்கைகளைச் சேர்ப்பதும் வேண்டாம். தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும் பனையோலையையும் குஞ்சுகள் பறக்கும்வரை வெட்டாதிருக்கலாம்.

கோடை உழவில் கட்டிகளுக்கு நடுவே, மண் நிறத்தில் புள்ளியிட்ட ஆள்காட்டியின் 4 முட்டைகள் கண்ணில் பட்டால், அந்த இடத்தை மட்டும் விட்டு டிராக்டரைத் திருப்பச் சொல்லுங்கள். அடையாளக் குச்சியை முட்டையருகே நடாமல் சில அடி தள்ளி நடுங்கள். பக்கத்தில் நட்டால் காக்கை அதிலேயே வந்து உட்காரும்.