மூச்சிரைப்புக்காரர்களும் காப்பீட்டு அட்டையும்: பனிக்கு முன்னே செய்ய வேண்டியவை

நெல்லைப் பக்கம் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மார்கழிப் பனியும் சி.ஓ.பி.டி. எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களைப் படுத்திவிடும். சாதாரணச் சளிக்காய்ச்சலே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கொண்டுபோகலாம். எனவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள். நோயாளியை வார்டில் விட்டுவிட்டு வருமானச் சான்றுக்கு அலைவது பெரிய கொடுமை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000தான். அப்போது கிடைக்காமல் திரும்பியவர்கள் மறுபடி போய்ப் பார்க்கலாம். அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்துவிட்டதால் சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் தென்காசிக்குப் போகணும். அட்டைக்குக் கட்டணம் இல்லை. இடையில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993க்குப் பேசலாம், இலவசம்.

சரி, அட்டை வந்துவிட்டது. தினமும் இழுக்கும் இன்ஹேலரை மெடிக்கல் ஷாப்பில் அதை நீட்டி வாங்க முடியுமா? முடியாது. பலர் குழம்புவது இங்கேதான். அட்டை முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. அதுவும் திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு. சேரும்போதே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றாட மருந்துக்கு வழி, அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நெஞ்சகநோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே பார்ப்பதற்குக் காப்பீட்டு அட்டையே வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பிரஷர், சர்க்கரை மாத்திரைதான். அதில் இன்ஹேலரும் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பீடி சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு இடமும் உண்டு: முக்கூடலில் உள்ள மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை. தொழிலாளர் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

விறகடுப்பை மூட்டும் வீட்டில் நோயாளியைப் புகையிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள், போகிப் புகைக்கும் இது பொருந்தும். அப்புறம், பேசவே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அட்டையைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் அது இல்லாமலும் சேர்த்துக்கொள்வார்கள்.