படிக்கத் தெரியாது என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். ஆண்களில் 86.77, பெண்களில் 73.44. அதாவது ஏழு வயதைத் தாண்டிய பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. களையெடுக்கப் போகும் அம்மா, சித்தாள் வேலைக்குப் போகும் அத்தை, ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டும் சித்தப்பா என்று இவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களுக்கு எழுத்து தெரியும். அதனால் இதில் உள்ளதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற வேலையும் உங்களுடையதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல அலுவலகங்களில் "எழுதிக் கொண்டு வாம்மா" என்று ஆளைத் திருப்பி அனுப்புகிறார்கள். வந்தவரும் தன் மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டு, வாசலில் மனு எழுதுபவரிடம் நூறோ இருநூறோ கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார். ஆனால் முக்கியமான பல இடங்களில் எழுதும் பொறுப்பைச் சட்டம் அலுவலர் மேல்தான் வைத்திருக்கிறது.

காவல் நிலையத்தில் புகாரை வாயால் சொன்னாலே போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆவது பிரிவிலும் இதுவே இருந்தது. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றி வாய்மொழியாகச் சொன்னால், நிலைய அலுவலர் அதை எழுத வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் இப்படித்தான்: எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்று பிரிவு 6 சொல்கிறது. இலவச சட்ட உதவி மையத்திலும் உங்கள் விவரத்தைக் கேட்டு விண்ணப்பத்தை அவர்களே பூர்த்தி செய்வார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இந்த உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

அப்புறம் வங்கி. கைநாட்டு வைப்பவரும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் கொடுப்பார்கள். காசோலைப் புத்தகம் பொதுவாகத் தர மாட்டார்கள். பாஸ்புக்கோடு நேரில் போய்ப் பணம் எடுக்க வேண்டும். கணக்குக்கு வாரிசுதாரர் (நாமினி) பெயரை அவசியம் பதிவு செய்யுங்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சி தேவையில்லை, கைநாட்டு வைத்தால் இரண்டு சாட்சிகள் வேண்டும். படுத்த படுக்கையாகி வங்கிக்கு வர முடியாதவருக்கும் வழி இருக்கிறது: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னால் ரேகை வைக்கலாம், அதில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும்.

சட்டத்தை விட இங்கே பழக்கம்தான் காப்பாற்றும். பணம் எடுக்கும் சீட்டில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் நிரப்பிய பிறகே மையைத் தொட வேண்டும். வெற்றுத் தாளில் ரேகை வைக்கவே கூடாது, சொந்தத் தம்பி கேட்டாலும் கூடாது. ஊருக்கே வந்து கைரேகை மெஷினில் பணம் தரும் வங்கி முகவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அந்த மெஷினில் ஒவ்வொரு முறை விரல் வைப்பதும் ஒரு தனிப் பரிவர்த்தனை ஆகலாம். "நெட்வொர்க் வரலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்று சொன்னால், முதல் தடவை என்ன ஆனது என்பதற்குச் சீட்டு கேளுங்கள். மாதம் ஒரு முறை பாஸ்புக்கைப் பதிவு செய்து, படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். பணம் காணாமல் போனால் அன்றைக்கே வங்கியிலும், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணிலும் சொல்லிவிட வேண்டும். நாள் கடத்துவது இழப்பைக் கூட்டும்.

வேலை விஷயத்துக்கு வருவோம். ஆட்டோ, லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட உரிமம் வேண்டுமானால் எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பு இருந்தது. 2019இல் அது நீக்கப்பட்டது. வண்டியைக் கைக்குள் வைத்திருந்தும் படிப்பில்லாததால் கிளீனராகவே காலம் தள்ளியவர்களுக்கு இது பெரிய மாற்றம். இன்னும் பலருக்கு இது தெரியவில்லை. சாலைக் குறியீடுகளை மட்டும் விடாமல் கற்றுக்கொள்ள வேண்டும், பழகுநர் உரிமத் தேர்வில் அதையும் கேட்பார்கள். ஆனால் அரசு ஓட்டுநர் பணிக்கும் அலுவலக உதவியாளர் பணிக்கும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இன்னும் கேட்கப்படுகிறது. உரிமம் வேறு, அரசு வேலை வேறு.

கட்டட வேலை செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யப் படிப்பு தேவையே இல்லை. 18 முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இந்த அட்டைதான் ஆதாரம். பதிவைப் புதுப்பிக்க மறந்து உதவியை இழப்பவர்கள் ஏராளம். அட்டையில் இருக்கும் தேதி அவர்களுக்குப் படிக்க வராது. அந்தத் தேதியை வீட்டில் ஒருவர் நாள்காட்டியில் குறித்து வைத்தால் போதும்.

வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டிய பகுதி இது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் வரும். சவூதி, குவைத், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று நினைத்து ஏஜென்ட் சொல்கிறபடி சுற்றுலா விசாவில் ஏறிவிடுகிறார்கள். உண்மையில் இது படிக்காதவருக்கான பாதுகாப்பு. இந்த வழியில் போனால் சம்பளமும் வேலையும் எழுதிய ஒப்பந்தம் இருக்கும், 10 லட்சம் ரூபாய் வரை பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இருக்கும். சுற்றுலா விசாவில் போனவருக்கு அங்கே சம்பளம் நின்றால் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருக்காது. ஒப்பந்தத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்காமல் ரேகை வைக்காதீர்கள்.

உள்ளூர் அறிவிப்புகளையும் பாருங்கள். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் திருவலகு (கூட்டிப் பெருக்கும் வேலை), காவலர் பணிகளுக்கும், ஊராட்சி ஒன்றியங்களில் இரவுக் காவலர் பணிக்கும் வரும் அறிவிப்புகளில் "தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்ற ஒரு வரிதான் கல்வித் தகுதியாக இருக்கும். அந்த ஒரு வரியைத் தாண்ட முடியாமல்தான் பலர் தினக்கூலியிலேயே நின்றுவிடுகிறார்கள். வயது வரம்பும் உண்டு என்பதால் கற்பதைத் தள்ளிப்போட முடியாது.

அதற்குத்தான் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரை, மத்திய அரசின் 700 கோடியும் மாநிலங்களின் 337.90 கோடியும் சேர்த்து 1,037.90 கோடி ரூபாயில் நடக்கிறது. 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம், மேல் வரம்பு கிடையாது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. சேர்வது சுலபம்: பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பெயர் கொடுத்தால் போதும். இந்தத் திட்டத்துக்கான உல்லாஸ் செயலியிலும் பதியலாம். கட்டணம் இல்லை. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு, மொத்தம் சுமார் 200 மணி நேரம். எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல, அன்றாடத் தேவைகளும் பாடத்தில் உண்டு. பஸ் போர்டு, ரேஷன் அட்டை, வங்கிச் சீட்டு, மருந்து. சர்க்கரை மாத்திரையை நிறத்தை வைத்து மட்டுமே அடையாளம் தெரிந்தவருக்கு, அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வேறு நிறத்தில் வந்தால் அது ரத்த அழுத்த மாத்திரையோடு மாறிப்போகும். அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தால் அந்த பயம் போய்விடும். அதுவரை மருந்துக் கவரில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து தரச் சொல்லுங்கள்.

திட்டத்தின் பலவீனம், கற்பிப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்பது. ஊதியமில்லாமல் ஒருவர் எத்தனை மாலை வருவார்? அவர் இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பு கலைந்துவிடும். அரசு ஒரு மதிப்பூதியமாவது கொடுத்தால்தான் இது நிலைக்கும் என்பது என் கருத்து. இப்போதைக்கு உங்கள் தெருவில் படித்த பெண்ணோ கல்லூரி மாணவரோ இருந்தால் அவரையே தன்னார்வலராகப் பதியச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளையும் பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கலாம், திட்டத்தில் அதற்கும் இடம் உண்டு.

முடிவில் ஒரு தேர்வு. வாசித்தல், எழுதுதல், கணக்கு மூன்றுக்கும் தலா 50, மொத்தம் 150 மதிப்பெண். தேறினால் சான்றிதழ். தேறாவிட்டால் அடுத்த முறை எழுதலாம். இந்தச் சான்றிதழ் எட்டாம் வகுப்புக்கு ஈடல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதை வைத்து அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்கு, கொஞ்சம் பயிற்சிக்குப் பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். பன்னிரண்டரை வயது நிரம்பிய எவரும் நேரடியாக எழுதலாம், எந்தப் பள்ளியிலும் படித்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத் தேதியை உங்கள் மாவட்ட அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.