சின்னப் பிளகின், முழு அதிகாரம்

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் உருவாக்கிய இணையதளங்கள் ஹேக் ஆனால், அவற்றைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. வருகிற தளங்களில் பெரும்பாலும் ஓட்டை வேர்ட்பிரஸில் இருப்பதில்லை. எப்போதோ ஆசையாகச் சேர்த்து, பிறகு மறந்தே போன ஒரு பிளகினில்தான், அதாவது கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருளில்தான் இருக்கும்.

தளத்தை வேகமாக்க, படங்களை அழகாக அடுக்க, கூகுள் தேடலில் முன்னே வர, எதற்கும் ஒரு பிளகின் கிடைக்கிறது. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே 50,000-க்கு மேல் உண்டு. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் ஒரு ஆப் போட்டால், கேமராவைத் தொடும் முன் நம்மிடம் அனுமதி கேட்கும். வேர்ட்பிரஸ் பிளகினுக்கு அப்படி எந்தத் தடுப்பும் கிடையாது. பக்கத்தின் மூலையில் ஷேர் பட்டன் காட்டுகிற பிளகின்கூட உங்கள் தரவுத்தளம் முழுவதையும் படிக்கலாம், கோப்புகளை மாற்றலாம், புதிதாக ஒரு அட்மின் கணக்கையே உருவாக்கலாம்.

இந்த அதிகாரம் உங்களுக்குத் தெரியாமல் கைமாறவும் செய்யும். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 2017-ல் அது விற்கப்பட்டது. அதன்பின் வந்த அப்டேட்டுகளில், வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் இருந்தது. அதன் வழியாகத் தளங்களில் ஸ்பேம் பக்கங்கள் ஏறின. லாகின் செய்தவர் கண்ணுக்கு அவை தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்ததால், தளத்தின் சொந்தக்காரர்தான் கடைசியாகத் தெரிந்துகொண்டார். அதனால், ஒரு பிளகினை எழுதியவர் பெயர் திடீரென்று மாறினால் நான் அங்கேயே நின்று விசாரிப்பேன்.

அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் பிளகினில் வந்த சிக்கலைப் பாருங்கள். 7 லட்சம் தளங்களில் இருந்த பிளகின் அது. அதற்குள் வேறொருவர் எழுதிய நிரல் தொகுப்பு (லைப்ரரி) ஒன்று இருந்தது; அதன் மாதிரிக் கோப்பை, நேரடியாக இயங்கும்படி விட்டுவிட்டார்கள். லாகின் இல்லாமலே யார் வேண்டுமானாலும் தளத்தில் கோப்பு ஏற்ற முடிந்தது. ஓட்டையை அடைத்த பதிப்பு உடனே வந்தும், அப்டேட் செய்யாதவர்கள் தொடர்ந்து அடிவாங்கினார்கள். இரண்டு ஆபத்துகளையும் எடை போட்டால், பழைய பதிப்போடு இருப்பதுதான் பெரிய ஆபத்து என்பேன். 2020 ஆகஸ்ட்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து பிளகின்கள் தாமாகவே அப்டேட் ஆகும் வசதி இருக்கிறது, போட்டு வையுங்கள்.

பிளகினை டீஆக்டிவேட் செய்து நிறுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. போதாது. கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும், அவற்றில் சிலவற்றை வெளியிலிருந்து நேரடியாக அழைக்கலாம். வேண்டாததை முழுக்க டெலீட் செய்யுங்கள். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பிளகினும் உங்கள் தளத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், டாஷ்போர்டு, அதாவது தளத்தை நிர்வகிக்கும் திரை, எதுவும் சொல்லாது. நீண்ட நாளாக அப்டேட் வராத பிளகினின் பக்கத்தை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை இலவசமாகத் தரும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். அதில் பேரமே கிடையாது.

பேக்கப் பிளகின் போட்டிருக்கிறேன், கவலையில்லை என்பார்கள். பேக்கப் எங்கே போகிறது? வெளியே ஓர் இடத்தைக் காட்டாவிட்டால், அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின்கள் அதை அதே சர்வரில்தான் சேமிக்கும். உள்ளே வந்தவன் அதையும் சேர்த்தே அழித்துவிடலாம். வேறு இடத்துக்கு அனுப்புங்கள், அப்புறம் ஒருமுறை அதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள்.

சரி, ஏற்கெனவே சந்தேகம் வந்துவிட்டதா? முதலில் பயனர் பட்டியலில் தெரியாத அட்மின் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து, சர்வரில் எம்யூ-பிளகின்ஸ் (mu-plugins) என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பவை தாமாகவே இயங்கும், டாஷ்போர்டிலிருந்து நிறுத்தவும் முடியாது. ஒளிந்துகொள்ள வசதியான இடம். ஹோஸ்டிங் நிறுவனம் வைத்த கோப்புகளும் அங்கே இருக்கலாம் என்பதால், கேட்டுக்கொண்டு அழியுங்கள். கடைசியாக எல்லாப் பாஸ்வேர்டுகளோடும் சேர்த்து, கான்ஃபிக் கோப்பிலுள்ள (wp-config.php) ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். அதைச் செய்தால், ஏற்கெனவே லாகின் செய்து உள்ளே இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள்.