ஆர்பேஷ் கொடுத்தால் பூட்டியாகிவிட்டதா?

லினக்ஸ் சர்வரில் யூசரைச் சில கமாண்ட்களுக்குள் மட்டும் அடைக்க ஆர்பேஷ் வைப்பார்கள்: கமாண்ட்களை வாங்கி இயக்கும் ஷெல்லான பேஷின் தடைபோட்ட வடிவம். அவர் தப்பிவிட்டால் மறுபடியும் அதே பதில்: "யூசருக்கு ஆர்பேஷ் வைத்துவிட்டோமே, அப்புறம் எப்படி வெளியே வந்தார்?" எப்படியா? பேஷ் என்று தட்டி என்டர் அடித்தார். நுழைந்ததும் திறக்கும் லாகின் ஷெல்லை மாற்றினீர்கள், கமாண்ட்களை எந்த டைரக்டரிகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

ஆர்பேஷ் ஜெயில் அல்ல. சிடி (வேறு டைரக்டரிக்குப் போவது), பாத்தை மாற்றுவது, சாய்கோடு வரும் கமாண்ட் பெயர், வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்புவது, எக்ஸெக் (ஷெல்லின் இடத்தில் வேறு புரோகிராமை வைப்பது) போன்ற சிலவற்றைத் தடுக்கும். அதுவும் தனக்குள் தட்டப்படுவதை மட்டும். அது தொடங்கிவைக்கும் புரோகிராமுக்கு இந்தத் தடை எதுவும் ஒட்டாது. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு இப்படியொரு தடை இருப்பதே தெரியாது. விம் எடிட்டர் கொடுத்தீர்களா? அதற்குள் ஷெல் அமைப்பை பேஷுக்கு மாற்றினால் கதை முடிந்தது. ஃபைல் தேடும் ஃபைண்டின் எக்ஸெக் ஆப்ஷன், உரையைப் பிரித்துக் கையாளும் ஆக்கின் சிஸ்டம் ஃபங்ஷன் எல்லாம் அதே வாசல்தான். பைதானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஷெல் ஸ்கிரிப்டை இயக்கினால், அதற்காகத் திறக்கும் ஷெல்லில் தடையை ஆர்பேஷே விலக்கிவிடும். பேஷ் கையேட்டில் இருப்பதுதான், யார் புரட்டுகிறார்கள்?

பாத்தை, நுழையும்போது ஷெல் படிக்கும் பேஷ் புரொஃபைல் என்ற ஃபைலில் சுருக்கினோம் என்பார்கள். தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச்சில் கமாண்டை நேராக அனுப்பினால் அந்த ஃபைல் படிக்கப்படுவதே இல்லை. அந்த ஃபைலை மட்டும் நிர்வாகியான ரூட் பெயருக்கு மாற்றுவதிலும் பயனில்லை: ஹோம் டைரக்டரி யூசருடையது என்றால் பெயர் மாற்றும் எம்வி ஒன்று போதும், பழையதை ஒதுக்கிப் புதியதை வைக்க. டைரக்டரியும் ரூட்டுடையதாக, யூசர் எழுத முடியாததாக இருக்கட்டும். பாத்தில் ஒரே ஒரு டைரக்டரி, அதில் தேவையான கமாண்ட்களுக்கு மட்டும் சிம்லிங்க் (அசல் ஃபைலைச் சுட்டும் இணைப்பு). ஒவ்வொன்றையும் சேர்க்கும்முன், இது வேறு புரோகிராமைத் தொடங்குமா, ஃபைல் எழுதுமா என்று பாருங்கள்.

வேலை ஒன்றே என்றால் தயவுசெய்து ஷெல்லே கொடுக்காதீர்கள். எஸ்எஸ்ஹெச் இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்ஹெச்டி அமைப்பில், குறிப்பிட்ட யூசருக்கு மட்டும் பொருந்தும் மேட்ச் பகுதிக்குள் ஃபோர்ஸ்கமாண்ட் (எதைக் கேட்டாலும் இதையே ஓட்டு என்பது) போட்டு ஒரு ஸ்கிரிப்டைக் காட்டுங்கள். யூசர் கேட்ட கமாண்ட் எஸ்எஸ்ஹெச் ஒரிஜினல் கமாண்ட் என்ற மாறியில் வரும். அனுமதித்த வரிகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வந்த உரையையே கமாண்டாக இயக்கும் இவால் பக்கமே போகக்கூடாது. லாகின் ஷெல்லாக இங்கே நுழையவே விடாத நோலாகினோ ஆர்பேஷோ வைத்தால், முழுப்பாதையோடு காட்டிய ஸ்கிரிப்ட் ஓடாது, சாதாரண ஷெல்லே வேண்டும். ஃபைல் பரிமாற்றம் மட்டும்தான் என்றால் எஸ்எஸ்ஹெச்டிக்குள்ளேயே இருக்கும் பரிமாற்ற வசதியான இன்டர்னல் எஸ்எஃப்டிபி, கூடவே யூசரை ஒரு டைரக்டரிக்குள் அடைக்கும் குரூட் டைரக்டரி. அந்த டைரக்டரியும் அதற்கு மேலுள்ள எல்லாமும் ரூட்டுடையவையாக, வேறு யாரும் எழுத முடியாதவையாக இல்லாவிட்டால் இணைப்பு உடனே அறுந்துவிடும்.

ரூட் உரிமையோடு கமாண்ட் ஓட்டவிடும் சூடோவில் "எல்லாம் சரி, பேஷ் மட்டும் கூடாது" என்று எழுதுகிறவர்களுக்கு: பேஷை வேறு பெயரில் காப்பி செய்தால் உங்கள் வரி செத்தது. அனுமதிப்பதை மட்டும் முழுப்பாதையோடு எழுதுங்கள். எடிட்டர் தேவையென்றால், எடிட்டரை யூசர் பெயரிலேயே ஓட்டும் சூடோஎடிட்.

எஸ்எஸ்ஹெச்டி அமைப்பை மாற்றினால் முதலில் அதன் சோதனை ஆப்ஷனை ஓட்டுங்கள், பிறகு ரீலோட். திறந்திருக்கும் ரூட் செஷனை எல்லாம் சோதித்து முடியும்வரை மூடாதீர்கள். பிறகு அந்த யூசராகவே இன்னொரு விண்டோவில் நுழைந்து, மேலே சொன்ன ஒவ்வொரு வாசலையும் நீங்களே தட்டிப்பாருங்கள்.