56 கோல் எங்கே போனது?

9, 28, 56, 37, 23, 12, 5.

ஒரே ஆட்டக்காரர் தான் ஆடிய ஏழு சீசன்களில் அடித்த கோல்கள் இவை. பெயர் ஜோனதன் சீச்சூ. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய மூஸ் ஃபேக்டரி என்ற ஆற்றுத்தீவில் பிறந்த க்ரீ பழங்குடி இளைஞர். என்.எச்.எல். பனி ஹாக்கி லீகில் சான் ஹோசே ஷார்க்ஸ் அணிக்கு ஆடினார். 2005–06 சீசனில் 56 கோல் அடித்து, யாரோமிர் யாகர் (54), அந்த ஆண்டுதான் லீகுக்குள் நுழைந்த ஓவெச்கின் (52) எல்லோரையும் தாண்டி, அதிக கோல் அடித்தவருக்கான மோரீஸ் ரிஷார் கோப்பையை வாங்கினார். நாலே வருடத்தில் ஐந்து கோலுக்கு இறங்கிவிட்டார். அந்த ஒரு சீசனை எடுத்துவிட்டால் மீதி 419 ஆட்டங்களில் அவர் அடித்தது 114. 82 ஆட்டங்கள் கொண்ட சீசனுக்குச் சராசரியாக 22.

இப்படி ஒருவர் சரிந்தால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. காசு வந்ததும் கவனம் போய்விட்டது என்பார்கள், பெரிய இடத்து அழுத்தம் என்பார்கள். ஆனால் 56-க்குப் பிறகு என்ன கெட்டது என்று தேடும் முன், அந்த 56 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

அந்த சீசனின் முதல் இரண்டு மாதங்களில் சீச்சூ அடித்தது வெறும் 7 கோல். 2005 நவம்பர் 30 அன்று, தோல்விமேல் தோல்வியாக வாங்கிக்கொண்டிருந்த ஷார்க்ஸ் அணி, மூன்று பேரைக் கொடுத்து பாஸ்டனிலிருந்து ஜோ தோர்ன்டனை வாங்கியது. மிச்ச ஆட்டங்களில் சீச்சூ 49 கோல் அடித்தார்!

தோர்ன்டன் ஆறடி நாலங்குல ஆள். பக் எனும் ரப்பர் வட்டைக் கோல் வலைக்குப் பின்புறமோ பக்கச் சுவரோரமோ வைத்துக்கொண்டு, எதிரணிக்காரர்கள் முதுகில் ஏறினாலும் விடமாட்டார். இரண்டு பேர் அவரைச் சூழ்ந்ததும், வலைக்கு நேர்முன்னே காலியாக நிற்கும் சீச்சூவுக்குத் தட்டிவிடுவார். சீச்சூ வேகமாகச் சறுக்குபவர் அல்ல. அவருடைய பலமே வந்த பக்கை நிறுத்தாமல் அப்படியே விளாசுவதுதான்.

இது ஏன் இவ்வளவு பலித்தது? ஆறு மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பக் வலையை அடைய 0.18 விநாடி போதும். கண்ணால் பார்த்து உடம்பை அசைக்க மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும். ஆக, அவ்வளவு அருகிலிருந்து வரும் அடியைப் பார்த்துத் தடுக்க கோல்காப்பாளரால் முடியாது. முன்கூட்டியே சரியான கோணத்தில் நின்று, உடம்பால் வலையை மறைப்பதுதான் அவருடைய வேலை. குறுக்கே ஒரு பாஸ் போனால் அந்தக் கோணம் பாழாகிறது. அவர் மறுபக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அடி விழுகிறது. கால்களுக்கு நடுவிலும் கைக்கு அடியிலும் சந்து திறக்கிறது. அதாவது, சீச்சூ அடித்த பல கோல்களில் பாதி வேலையைத் தோர்ன்டனின் பாஸே முடித்துவிட்டது. அந்த சீசனில் தோர்ன்டன் 96 கோல்களுக்கு வழி செய்து கொடுத்தார். லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

அப்புறம் விதிகள். முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறில் 2004–05 சீசன் முழுக்க ரத்தானது. திரும்பி வந்தபோது, மட்டையால் கொக்கி போட்டு இழுப்பது, வழிமறிப்பது போன்றவற்றுக்கு நடுவர்கள் தயவுதாட்சண்யமில்லாமல் தண்டனை கொடுத்தார்கள். தண்டனை என்றால் எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்; கோலடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல், 2003–04-ல் சராசரியாக 5.1 ஆக இருந்தது. 2005–06-ல் ஆறைத் தாண்டியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வீரர்கள் பழகிக்கொண்டார்கள், தண்டனைகளும் கோல்களும் குறைந்தன. அந்தக் கதவு அகலத் திறந்திருந்தது ஏறக்குறைய ஒரே சீசன்தான்.

மிச்சம் இருப்பது அதிர்ஷ்டம். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சீச்சூ அந்த ஆண்டு வலையை நோக்கி அடித்தது 317 முறை. 56 உள்ளே போனது. 17.7 சதவீதம். லீகின் பொதுச் சராசரி பத்து சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். தோர்ன்டன் கொடுத்த வாய்ப்புகளையும் சேர்த்து, அவருடைய உண்மையான திறன் 14 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 317 அடிக்கு 44 கோல் வர வேண்டும். ஆனால் கம்பத்தில் பட்டு உள்ளே போவது, யாருடைய காலணியிலோ பட்டுத் திரும்புவது எல்லாம் உண்டல்லவா? நிகழ்தகவுக் கணக்குப்படி, திறமை துளியும் மாறாமலே இந்த எண் 38-க்கும் 50-க்கும் நடுவில் சாதாரணமாக ஊசலாடும். 56 அல்லது அதற்கு மேல் வருவது முப்பது சீசனுக்கு ஒருமுறை நடக்கலாம்.

முப்பதில் ஒன்று அபூர்வம்தானே என்று தோன்றும். ஆனால் லீகில் கோலடிக்கக் கூடியவர்கள் பல டஜன் பேர். அவர்களில் யாருக்காவது ஒவ்வோர் ஆண்டும் அந்த முப்பதில் ஒன்று விழத்தான் செய்யும். யாருக்கு விழுகிறதோ அவர் கையில் கோப்பை இருக்கும். கோப்பை வாங்கியவரைப் பிடித்துவைத்து அடுத்த ஆண்டு அளந்தால், பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்தபோது கண்டது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை. மாதத் தேர்வில் 100 வாங்கிய பையன் அடுத்த மாதம் 93 வாங்கினால் அப்பா டியூஷன் மாற்றுவது இந்தக் கணக்கு தெரியாமல்தான்.

ஆகவே 56-லிருந்து 37-க்கு வந்ததில் மர்மம் எதுவுமில்லை. தோர்ன்டன் அப்போதும் அதே அணியில்தான் இருந்தார், 92 கோல்களுக்கு வழியும் செய்தார். 37 என்பது எந்த அணியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் எண். அந்த ஆண்டைத் தோல்வி என்று எழுதியவர்கள் 56-ஐ அவருடைய நிஜ அளவாக எடுத்துக்கொண்டவர்கள்.

ஆனால் 37-லிருந்து 5 வரை? அங்கே இந்த விளக்கம் செல்லாது. சராசரிக்குத் திரும்புகிறவர் சராசரியில் நிற்க வேண்டும், அதையும் தாண்டிக் கீழே போகக் கூடாது. அதற்குக் காரணம் உடம்பு என்றுதான் நான் நினைக்கிறேன். 2007 கோடையில் அவருக்கு இரண்டு பக்கமும் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. பனியில் தள்ளிச் சறுக்குவதற்கும் உடம்பைத் திருகி அடிப்பதற்கும் இடுப்பு, அடிவயிற்றுத் தசைகள்தான் ஆதாரம். ஏற்கெனவே மெதுவான ஆள். காலியிடத்துக்கு அரை விநாடி தாமதமாக வந்தால் அது காலியிடமாகவே இருக்காது.

2009-ல் ஒட்டாவா அணியின் டேனி ஹீட்லியை வாங்குவதற்காக ஷார்க்ஸ் சீச்சூவை அந்த அணிக்கு அனுப்பியது. அங்கே 61 ஆட்டங்களில் அந்த 5 கோல். ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு மிச்சம் இருக்கும்போதே ஒட்டாவா பணத்தைக் கொடுத்து அவரை விடுவித்தது. அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. என்.எச்.எல். பக்கம் அவர் மறுபடி வரவில்லை; பிற்பாடு ஐரோப்பா போய் சாக்ரெப், மின்ஸ்க் அணிகளுக்காகச் சில ஆண்டுகள் ஆடினார்.