மெய்சிக்குத் தெரிந்தது நம் பிள்ளைகளுக்கும் தெரியும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இரண்டு சட்டை, கணக்குக் கொப்பி, பாதி தின்ற பிஸ்கட். பெற்றோர் பிரிந்தபின், கிழமை நாட்களில் மட்டக்களப்பு மாமாங்கத்தில் அம்மாவோடு, சனி ஞாயிறு ஆரையம்பதியில் அப்பாவோடும் அப்பம்மாவோடும். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

"எதைக் கேட்டாலும் தெரியாது, மறந்துபோச்சு என்கிறாள். படிப்பும் விழுந்துபோச்சு" என்றார் என்னிடம் ஆலோசனைக்கு வந்த தாய்.

அவளிடம் தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்தேன். அப்பம்மா வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு "மறந்துபோச்சு" என்றாள். ஆனால் அவள் கீறிய படத்தில் அப்பம்மாவின் குசினி அப்படியே இருந்தது. அடுப்புப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பூனை. அதன் வால் நுனியை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாள். மறதிக்காரப் பிள்ளையா இவள்?

ஹென்றி ஜேம்ஸ் 1897இல் எழுதிய 'வாட் மெய்சி நியூ' (மெய்சிக்குத் தெரிந்தது) நாவல் நினைவுக்கு வந்தது. லண்டனில் விவாகரத்து வழக்கு. தாய் பிள்ளையின் செலவுக்கென்று கொடுத்த 2,600 பவுணைத் தகப்பனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கடைசியில் அதற்கொரு சமரசமாக, ஆறு மாதம் அவரிடம், ஆறு மாதம் இவரிடம் என்று மகள் மெய்சி பங்கிடப்படுகிறாள். தகப்பன் சொல்லியனுப்பும் வசவைச் சொல் மாறாமல் தாயிடம் ஒப்பிக்கிறாள். அது வசவு என்றே அவளுக்குத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் விளங்குகிறது. அன்றிலிருந்து எதையும் காவிப்போவதில்லை. பெரியவர்கள் அவளை மண்டு என்கிறார்கள். அவள் கண்டுபிடித்த பாதுகாப்பே அந்த மௌனம்தான்.

நம்மூரில் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனம். பிரிந்தால் வெளியேறுவது தகப்பன். பிள்ளைக்கு வீடு மாறாது, அதனால் பாதிப்பில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் "தாபரிப்புக் காசு எப்போ தருவாராம், கேட்டுக்கொண்டு வா", "அம்மா ஆரோட போன்ல கதைக்கிறா?" என்று இரண்டு பக்கமும் கேள்விகளைக் காவித் திரிவது அந்தப் பிள்ளைதான். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தாலும் சரி, முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றத்தில் நடந்தாலும் சரி, இந்தத் தூது ஒன்றுபோலத்தான். சனிக்கிழமை விடிந்தால் வயிற்றுக்குத்து, ஞாயிறு இரவு படுக்கையை நனைப்பது, ரீச்சர் கூப்பிட்டால் திடுக்கிடுவது... இவற்றை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அந்தத் தாயிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். காசு விடயம் என்றால் நீங்களே அவருக்கு மெசேஜ் போடுங்கள். முகம் பார்க்க முடியாவிட்டால் இரண்டு பக்கமும் மதிக்கும் ஒரு பெரியவரைப் பிடியுங்கள். பிள்ளை திரும்பி வந்ததும் "சாப்பிட்டியா" என்பதோடு விட்டுவிடுங்கள். தகப்பனையும் கூப்பிட்டு இதையே சொன்னேன். முதலில் கோபப்பட்டார்; படத்தைக் காட்டியதும் கனநேரம் பேசாமல் இருந்தார்.

பிள்ளை அடி வாங்குகிறது, ஆபத்தில் இருக்கிறது என்றால் இப்படிப் பொறுத்திருக்கக் கூடாது. சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள்.

ஒரு மாதம் கழித்துத் தாய் வந்தார். ஞாயிறு பின்னேரம் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது, யாரும் கேட்காமலே பிள்ளை வாய் திறந்ததாம். அப்பம்மா வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு மட்டும் வால் வெள்ளை என்று.